மண்ணின் வழியே ஒரு குரல்

சிறு வயதில் நானும் என் தோழர்களும் தண்டவாளத்தில் காதை வைத்து, தொலைவில் வரும் ரயிலின் ஓசையைக் கேட்டதுண்டு. இரும்பு பேசும் என்பது அன்றே தெரியும். மண்ணும் பேசும் என்பதைப் பிற்பாடு சரித்திரம் படித்துத்தான் அறிந்துகொண்டேன்.

1838-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஸ்டைன்ஹைல், ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாக உபயோகிக்கப் பார்த்தார். மின்சாரம் மண்ணில் கசிந்துவிட்டது; முயற்சி தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியே ஓர் உண்மையைச் சொல்லிக் கொடுத்தது. போவதற்கு ஒரு கம்பி போதும். திரும்பி வரும் வழியைப் பூமியே கொடுத்துவிடும்!

முதல் உலகப் போரில் இந்த உண்மை பதுங்கு குழிகளுக்குள் வந்து சேர்ந்தது. பீரங்கிக் குண்டுகள் டெலிபோன் கம்பிகளை அறுத்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் இரும்புக் கழிகளைச் சேற்றில் அடித்து, மண்ணுக்குள்ளேயே மின்சாரத்தை ரீங்காரமிடச் செய்து செய்தி அனுப்பினார்கள். எதிரியும் சும்மா இருப்பானா? அவனும் கழிகளை நட்டு ஒட்டுக் கேட்டான். பூமாதேவிக்குப் பொறுமை உண்டு. ரகசியம் காக்கும் குணம்தான் இல்லை.

ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறொரு கதை. 1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், அந்நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வானில் பேசக் கூடாதென்று உத்தரவு பிறந்தது. நேற்று வரை வானில் பேசியவர்கள் ஒரே நாளில் ஊமையானார்கள்.

வானம் மூடினால் என்ன? மண் இருக்கிறதே! கிராமபோன் இசையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை எடுத்து, தோட்டத்தில் தள்ளித் தள்ளி நட்ட இரண்டு கழிகளில் இணைத்தார்கள். மின்சாரம் மண்ணில் நாலா பக்கமும் பரவும். தூரத்தில் இன்னொருவர் நட்ட இரு கழிகளுக்கிடையே அதன் மிகச் சிறு அம்சம் அகப்படும். அதையும் பெருக்கினால் குரல் கேட்கும். கழிகளின் இடைவெளி கூடினால் எட்டும் தூரமும் கூடும். அப்படியும் ஒன்றிரண்டு மைல் எட்டினாலே பெரிது. ஊர் மின்கம்பிகளின் 60 சைக்கிள் இரைச்சல் வேறு குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும்.

1945-ல் யுத்தம் முடிந்து, தடை நீங்கத் தொடங்கியதும் அவர்கள் மறுபடி வானத்துக்கே போய்விட்டார்கள். மண் வழிப் பேச்சை அநேகமாக மறந்தும் போனார்கள். அதில் தவறில்லை.

எனினும், கண்டம் விட்டுக் கண்டம் பேசிப் பழகிய மனிதர், அடுத்த தெருவிலிருந்து வந்த ஈனக் குரலைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு வேண்டியது தூரமல்ல. பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயம். நம் எல்லோருக்கும் வேண்டியதும் அதுதானே?