80களின் ஹிட் பாட்டு: பாடியவருக்குப் பேரு... காசு யாருக்கு?

ரியானாவின் 'எஸ்ஓஎஸ்' பாட்டைக் கேட்டிருப்பீங்க. 2006இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதில் திரும்பத் திரும்ப வரும் அந்த சிந்தசைசர் இசை அவருக்காகப் போட்டது இல்லை. சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் 1981இல் வெளியிட்ட 'டெய்ன்ட்டட் லவ்' பாட்டிலிருந்து எடுத்தது.

சரி, அப்போ அது சாஃப்ட் செல்லின் பாட்டா? அதுவும் இல்லை!

எழுதியவர் எட் காப் என்ற அமெரிக்கர். முதலில் பாடியவர் குளோரியா ஜோன்ஸ். 1965இல் அந்தப் பாட்டு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில், அதாவது 'பி' பக்கத்தில் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் 70களில் இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு கூட்டம் உருவானது. அமெரிக்காவில் விலைபோகாத பழைய சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடுவதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. 'நார்தர்ன் சோல்' என்று அதற்குப் பெயர். குளோரியா ஜோன்ஸின் பாட்டு அங்கே சக்கைப்போடு போட்டது. சாஃப்ட் செல்லின் இசைக்கலைஞர் டேவிட் பால் அந்த ரசிகர்களில் ஒருவர்.

அவரும் பாடகர் மார்க் ஆல்மண்டும் அந்தப் பாட்டை மெதுவாக்கினார்கள். கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு சிந்தசைசரை வைத்தார்கள். பிரிட்டனில் முதலிடம்! அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 43 வாரம் இருந்தது. அப்போது அது ஒரு சாதனை.

பின்பக்கத்தில் போன பணம்

இங்கேதான் கதை கொஞ்சம் வலிக்கும். ஒரு பாட்டு விற்றால் இரண்டு வழியில் பணம் போகும். ஒன்று, ஒலிப்பதிவுக்கு. அது பாடியவருக்கும் நிறுவனத்துக்கும் சேரும். இன்னொன்று, பாட்டை எழுதி இசையமைத்தவருக்கான ராயல்டி. வேறொருவர் பாட்டை நீங்கள் எவ்வளவு பிரமாதமாகப் பாடினாலும், அந்த இரண்டாவது பணம் உங்களுக்கு வராது.

சிங்கிள் இசைத்தட்டில் ஒரு சின்ன வசதி இருந்தது. 'ஏ' பக்கத்துக்காகத்தான் மக்கள் காசு கொடுப்பார்கள். ஆனாலும் எழுதியவருக்கான ராயல்டி இரண்டு பக்கத்துக்கும் உண்டு. யாருமே கேட்காத பின்பக்கப் பாட்டை எழுதியவருக்கும் அதே அளவு பணம்! அதனால், ஹிட் ஆகும் பாட்டு பிறருடையது என்றால், பின்பக்கத்தில் சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சாஃப்ட் செல் என்ன செய்தது தெரியுமா? பிரிட்டனில் வெளியான இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டைப் போட்டது. அது சுப்ரீம்ஸ் குழு 1964இல் பாடிய பாட்டு. அதுவும் அடுத்தவர் எழுதியது! நடன அரங்குகளுக்கான நீளமான பதிப்பில் இரண்டு பாட்டும் ஒன்றோடு ஒன்று கலந்து கிட்டத்தட்ட 9 நிமிடம் ஓடும். கேட்க அருமை. ஆனால் தங்கள் ஆகப் பெரிய ஹிட் பாட்டில், எழுதியவருக்கான ராயல்டியாக அவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை.

குளோரியா ஜோன்ஸுக்கும் அதே கதை. முதலில் பாடினார், ஆனால் எழுதவில்லை. இத்தனைக்கும் அவர் நல்ல பாடலாசிரியர். கிளாடிஸ் நைட் குழுவின் 'இஃப் ஐ வேர் யோர் வுமன்' பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

எட் காப் 1999இல் காலமானார். அவர் போய் 7 ஆண்டு கழித்து வந்த 'எஸ்ஓஎஸ்' பாட்டிலும் எழுதியவர்களின் வரிசையில் அவருடைய பெயர் இருக்கிறது. (எனக்கு அது பல வருஷம் வெறும் ரியானா பாட்டுதான்.)

ஒரே மாதம், ஒரே கை

1987 நவம்பரில் இன்னொரு வேடிக்கை. 'ஐ திங்க் வி ஆர் அலோன் நவ்' பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. 'அம்ப்ரெல்லா அகாடமி' தொடரில் எல்லாரும் தனித்தனியாக ஆடுவார்களே, அதே பாட்டு! பாடியவர் 16 வயது டிஃபனி. கடைத்தொகுதிகளில் ஊர் ஊராகப் பாடிப் பிரபலமானவர். அவரைக் கீழே இறக்கியது பில்லி ஐடலின் 'மோனி மோனி'.

இரண்டுமே 60களில் டாமி ஜேம்ஸ் குழு பாடியவை. எழுதியவர்கள் பட்டியலைப் பாருங்கள்: இரண்டிலும் ரிச்சி கார்டெல் என்ற பெயர் இருக்கும். போட்டி போட்டது டிஃபனியும் ஐடலும். யார் ஜெயித்தாலும் கார்டெல் ஜெயித்தார்!

சிண்டி லாப்பரின் 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்' இன்னும் சிக்கல். அது ராபர்ட் ஹாசர்ட் ஓர் ஆணின் பார்வையில் எழுதிய பாட்டு. லாப்பர் வரிகளை மாற்றி அதைப் பெண்களின் கீதமாக்கினார். ஆனால் எழுதியவர் என்று இன்றும் இருப்பது ஹாசர்ட் பெயர் மட்டும். எனக்கென்னவோ இது நியாயமாகப் படவில்லை.

இங்கே எப்படி?

சிங்கப்பூரில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பாக காம்பஸ் அமைப்பு பணம் வசூலிக்கிறது. கடைத்தொகுதியில் 'டெய்ன்ட்டட் லவ்' ஒலித்தால் அதற்கும் கணக்கு உண்டு. எழுதியவர் இறந்த பிறகும் 70 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும்.

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. பொது இடத்தில் பாட்டை ஒலிக்கச் செய்தால், ஒலிப்பதிவின் உரிமையாளரும் பணம் கேட்கலாம். படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர், சில விதிவிலக்குகள் தவிர, படைத்தவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்த முறை ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, பங்களித்தவர்கள் பட்டியலைத் திறந்து பாருங்க. பனானரமாவின் 'வீனஸ்' பாட்டில் தொடங்கலாம். ஒரு சின்னத் துப்பு: 1986இல் அவர்கள் அமெரிக்காவில் முதலிடம் பிடிக்கும் முன்பே, 1970இல் ஒரு டச்சுக் குழு அதே பாட்டால் அதே இடத்தைப் பிடித்துவிட்டது.