உள்ளங்கை வியர்வையை அளந்த கருவி

1888-இல் பாரிஸில் சார்ல் ஃபேரே என்ற மருத்துவர், நோயாளிகளின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினார். ஓசையோ மணமோ அவர்களைத் தீண்டியபோதெல்லாம் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் ஊசி அசைந்தது. கேமிங் ஆய்வகங்களில் இன்று விரல்களில் மாட்டும் உணரியின் பயணம் இங்கே தொடங்குகிறது.

ஊசி அசையக் காரணம் வியர்வை. உள்ளங்கையில் நெருக்கமாக இருக்கும் வியர்வைச் சுரப்பிகளை இயக்குவது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பு மண்டலம். மனம் கிளர்ந்தால் சுரப்பிகளில் உப்புநீர் ஏறும். தோல் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். தூண்டலுக்குப் பிறகு 1 முதல் 3 விநாடிகளில் இம்மாற்றம் தெரிந்துவிடும். இதை மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் குறிக்கிறார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவி சூரிக்குக்குப் போனது. அங்கே மனநல மருத்துவர் கார்ல் யுங், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, எந்தச் சொல்லுக்கு நோயாளியின் தோல் பதில் தருகிறது என்று பார்த்தார். அடுத்து அது அமெரிக்காவின் அயோவாவுக்குத் திரைப்படம் பார்க்க வந்தது. டைசிங்கர், ரக்மிக் என்ற இரு உளவியலாளர்கள், படம் பார்ப்பவர்களின் தோலையும் நாடித்துடிப்பையும் அளந்து 1933-இல் நூலாக வெளியிட்டனர். ஆபத்துக் காட்சிகளில் சிறுவர்களும் காதல் காட்சிகளில் பதின்வயதினரும் பெரியவர்களைவிட அதிகம் கிளர்ந்தனர்.

பொய்யைக் கண்டறியக் காவல்துறை பயன்படுத்திய பாலிகிராஃபிலும் கருவி இடம்பிடித்தது. அங்கேதான் அதன் மீது தாங்கமுடியாத சுமை ஏற்றப்பட்டது. குற்றவாளியின் பயமும் நிரபராதியின் பயமும் தோலில் ஒன்றுபோலவே பதிகின்றன.

1960-களில் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் ஒரு முக்கியமான சோதனை செய்தனர். வலி மிகுந்த சடங்கைக் காட்டும் ஒரே படத்துக்கு வெவ்வேறு பின்னணி உரைகளைச் சேர்த்தனர். வலியை வலியுறுத்திய உரையைக் கேட்டவர்களைவிட, விலகி நின்று விளக்கிய உரையைக் கேட்டவர்களின் தோல் குறைவாகவே கிளர்ந்தது. காட்சி மாறவில்லை, அதற்குத் தரப்பட்ட பொருள்தான் மாறியது.

வீடியோ கேமுக்கு வந்தபோது கருவிக்குத் துணை தேவைப்பட்டது. பின்லாந்தின் நிக்லாஸ் ரவாயா குழுவினர் தோலோடு முகத் தசைகளையும் அளந்தனர். ‘சூப்பர் மங்கி பால் 2’ ஆட்டத்தில் குரங்கு விளிம்பிலிருந்து விழும்போது ஏமாற்றம் தெரியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பதிவானதோ புன்னகைத் தசையின் அசைவு. தோலை மட்டும் அளந்திருந்தால் அந்தக் கிளர்ச்சி எரிச்சலா மகிழ்ச்சியா என்று பிரித்தறிய வழியில்லை.

2011-இல் வால்வ் என்ற கேம் நிறுவனத்தின் மைக் ஆம்பிண்டர், ஆடுபவரின் தோல் பதிலைக் கொண்டே ‘லெஃப்ட் 4 டெட்’ ஆட்டத்தின் வேகத்தை மாற்றும் சோதனைகளை விவரித்தார். 2020-இல் ஃபிட்பிட் சென்ஸ் கைக்கடிகாரத்தில் இந்த உணரி சாதாரண மக்களின் மணிக்கட்டுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கருவி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு கிளர்ந்தோம் என்பது. எதனால் கிளர்ந்தோம், அது அச்சமா ஆனந்தமா என்பதை அது சொல்லாது. ஆகவே கேம் செய்பவர்கள் எண்ணைப் பார்த்த பிறகு ஆடியவரிடமும் கேட்க வேண்டும். அந்த எண் யாரிடம் போகிறது என்று கேட்கும் உரிமையை ஆடுபவர்களும் விட்டுக்கொடுக்கக் கூடாது.