இறந்தவர் பேரில் ஒரு கல், ஒரு விளக்கு, ஒரு மரக்கால்

தலைச்சுமை தூக்குகிறவருக்கு இரண்டு பேர் தயவு வேண்டும். சுமையைத் தலையில் ஏற்றிவிட ஒருவர், இறக்கிவிட ஒருவர். புறப்படும் இடத்தில் முதல் ஆள் கிடைத்துவிடுவார். நடுவழியில், வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? நாஞ்சில் நாட்டுச் சாலையோரங்களில் அந்த இரண்டாவது ஆளாக நின்றது சுமைதாங்கி. நட்டுவைத்த இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கற்பலகை, அவ்வளவுதான். அதன் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. குனியாமல், கழுத்து சுளுக்காமல், தலையிலிருக்கும் சுமையை அப்படியே கல்லின் மேல் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளலாம். மூச்சு ஆறிய பிறகு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, யாரையும் கூப்பிடாமல் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு ஆலமரமோ புளியமரமோ நிற்கும். மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட ஒரு கல்தொட்டி கிடக்கும். கொஞ்சம் வசதியுள்ளவர் செய்து வைத்ததென்றால் ஒரு வழியம்பலமும் உண்டு.

குளச்சல், முட்டம் கரைகளிலிருந்து மீன் கடவங்கள் இந்த வழிகளில் உள்ளூருக்கு வந்தன. தாமரைகுளம், புத்தளம் அளங்களிலிருந்து உப்பு வந்தது. கருப்பட்டியும் நெல்லும் வைக்கோலும் வடசேரிச் சந்தைக்குப் போயின. மாட்டுவண்டி எல்லோருக்கும் வாய்த்ததில்லை. வயல்வரப்பும் குளத்தங்கரையும் வண்டிக்கு வழிவிட்டதுமில்லை. ஊரின் வியாபாரத்தில் பெரும்பங்கு மனிதர் தலையில்தான் நடந்தது.

இந்தக் கற்களில் பலவற்றை நிறுத்தியது அரசு அல்ல, துக்கத்திலிருந்த குடும்பங்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதோ, பிரசவத்தில் பிள்ளையைப் பெறாமலோ ஒரு பெண் இறந்துபோனால், அவள் பேரில் சுமைதாங்கி நட்டார்கள். சுமந்ததை இறக்கிவைக்காமலே போனவள் அவள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை அங்கே இறக்கும்போது அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பினார்கள். சில கற்களில் பெயரும் கொல்லம் ஆண்டும் வெட்டியிருக்கும். பல கற்கள் மொட்டையாகவே நிற்கும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம், இதே காரணத்தோடு இருந்தது. அங்கே சுமைதாங்கியின் பக்கத்தில் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் நட்டிருப்பார்கள்.

பிரசவம் என்பது செத்துப் பிழைப்பதாக இருந்த காலம் அது. அந்தக் கற்களை வழி நெடுக எண்ணிப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு மரணக் கணக்கு கிடைத்திருக்கும்.

இந்தப் பழக்கத்தை அழகாக மட்டும் பார்த்துவிடவும் கூடாது. திருவிதாங்கூர் ஆட்சியில் சுமை தூக்கிய எல்லோரும் கூலிக்குத் தூக்கியவர்கள் அல்லர். கூலியில்லாமல் சர்க்காருக்குச் சுமக்கும் ஊழியம் குறிப்பிட்ட சாதியார் தலைமேல் விதிக்கப்பட்டிருந்தது. சில வழிகளில் சிலர் நடக்கவே தடை. சுமையை இறக்க உதவிய பெண்ணின் பெயர் சில கற்களிலாவது இருக்கிறது. அதை ஏற்றிவைத்தவர் யார் என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

ஒருவர் பேரில் இன்னொருவருக்குப் பயன்படும்படி எதையாவது வைத்துவிட்டுப் போவது இந்த மண்ணில் சுமைதாங்கிக்கு முன்பே வேரூன்றிய பழக்கம். மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை, கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை, ஒன்பதாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற சமணத் தலம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. பேராயக்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் துறவி பொன் அணிகள் கொடுத்ததை அது சொல்கிறது. கொடுத்தவர் தம் ஊரைச் சொல்லவில்லை, உறவைச் சொல்லவில்லை. தம் ஆசிரியர் பெயரைச் சொல்கிறார். மலையில் பின்னாளில் பகவதி வந்து குடியேறிவிட்டாள். ஆனாலும் மாணவி மூலமாக அந்த ஆசிரியரின் பெயர் இன்றும் பாறையில் நிற்கிறது.

கோயில்களில் இது விளக்காக மாறியது. அணையாமல் எரியவேண்டிய நந்தா விளக்குக்குச் சோழநாட்டில் 96 ஆடு கொடுப்பது வழக்கம். ஆடு பெருகும், நெய் வரும், விளக்கு எரியும். மூப்பும் சாவும் இல்லாத ஆடுகள் என்றே கல்வெட்டுகள் அவற்றைக் குறித்தன. கிழடானதையும் செத்ததையும் ஈடுகட்டுவது மேய்ப்பவர் பொறுப்பு. வேட்டையில் அம்பு தவறி ஒருவன் இறந்துபோனால், எய்தவன் செத்தவன் பேரில் விளக்கு வைக்கும்படி ஊர்ச்சபை தீர்ப்புச் சொன்னதும் உண்டு. தண்டனையும் நினைவும் ஒரே திரியில் எரிந்தன. தெற்கே சுசீந்திரத்திலும் சோழர், பாண்டியர், வேணாட்டரசர் காலத்துக் கொடைகள் கல்லில் ஏறின. நாஞ்சில் நாட்டு வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை அந்தக் கோயிலைப் பற்றி 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் புரட்டினால், ஒரு கோயிலின் பொருளாதாரமே இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கொடைகளின் மேல் நின்றது தெரியும். இன்று கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் எழுதப்படும் ‘உபயம்’ அந்த மரபின் கடைசிக் கொழுந்து. விசிறி சுற்றும்போது பெயரைப் படிக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள ஒரே நல்ல விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நினைவுக் கொடை கட்டடமாக எழுந்தது. 1890களில் சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலில் தம் குடியிருப்பின் குளியலறையையே மருந்தகமாக்கி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அது வளர்ந்து வடசேரியில் கேதரின் பூத் மருத்துவமனை ஆனது. அந்த இயக்கத்தை நிறுவிய வில்லியம் பூத்தின் மனைவி கேதரின். 1890இல் புற்றுநோயால் இறந்தவர். நாஞ்சில் நாட்டை அவர் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் இறந்த ஒரு பெண்ணின் பெயர் வடசேரியில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்க்கும் இடத்தின் பெயராகிவிட்டது. ஆண்ட்ரூஸ் 1919இல் வசிரிஸ்தான் போர்முனையில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும்போது இறந்தார். பிரிட்டனின் உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் அவர் இறந்தபின் அளிக்கப்பட்டது.

காந்தி இறந்த பிறகு ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். கன்னியாகுமரியில் காந்தியின் அஸ்தி 1948 பிப்ரவரியில் கரைக்கப்பட்டது. அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் 1956இல் மண்டபம் எழுந்தது. இவையெல்லாம் பெரியவர்களுக்கு ஊர் செய்தவை. வீட்டில் இறந்தவருக்கு வீடு என்ன செய்தது? பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்தால் சாப்பாடு, வேட்டி, ஒரு புகைப்படம், பிறகு பாகப்பிரிவினை.

அந்தப் பாகப்பிரிவினையில்தான் அருங்காட்சியகத்தின் கதை தொடங்குகிறது.

நாஞ்சில் நாட்டின் பழம்பொருளைத் தேடிச் சேர்க்கும் வேலை நாஞ்சில் நாட்டில் தொடங்கவில்லை. திருவனந்தபுரத்தில் 1857இல் மியூசியம் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்த, சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயர் தாங்கிய இன்றைய கட்டடம் 1880இல் முடிந்தது. 1908இல் தொல்லியல் துறைக்குத் து.அ. கோபிநாத ராவ் பொறுப்பேற்றார். அவர் தொடங்கிய திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களில் இந்தப் பகுதிக் கல்வெட்டுகள் ஏராளமாக அச்சேறின. உள்ளூரில் இந்தப் பித்து பிடித்தவர்களில் முதன்மையானவர் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளிக்கூடப் பாட்டுகளுக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். கல்வெட்டு தேடி அலைந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் வாதாடிய இன்னொரு கவிமணியும் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடந்த ஓலைகளைப் படியெடுத்தவரும் அவர்தான். நிலம், வரி, வழக்கு, அடிமை விற்பனை என்று ஒரு சமூகமே அந்தக் கட்டுகளில் அடைந்து கிடந்தது. பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார்.

பத்மநாபபுரம் அரண்மனை தனிக்கதை. 1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதியின் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. தக்கலையில் பேருந்தைவிட்டு இறங்கி, தமிழ்நாட்டு மண்ணில் நடந்துபோய், கேரள அரசின் சீட்டு வாங்கி உள்ளே போகவேண்டும். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து உண்ட ஊட்டுப்புரையையும் மூலிகை மரக் கட்டிலையும் பார்க்கவே கூட்டம் வருகிறது. தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுச் சாமான்கள் வைத்திருக்கும் பகுதியைப் பலர் நின்று பார்ப்பதில்லை. கன்னியாகுமரியில் காந்தி மண்டபச் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1991இல் வந்தது. திமிங்கில எலும்பு, தேர்ச் சிற்பங்கள், காணிக்காரப் பழங்குடியினர் பயன்படுத்திய பொருள்கள் அங்கே உண்டு. சூரிய உதயத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவே கிடைக்கிற அரைமணி நேரத்தில் அதற்குள் நுழைகிறவர்கள் குறைவுதான்.

பாகப்பிரிவினையில் வீட்டுச் சாமான்கள் போகும் வழி வேறு. பத்தாயத்தைப் பிரித்துப் பலகையாக்குவார்கள். உருளியும் கிண்டியும் எடைக்குப் போகும். வெற்றிலைச் செல்லம், எழுத்தாணி, பாக்குவெட்டி போன்றவற்றில் கண்ணுக்கு அழகானவை மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கோ கொச்சி மட்டாஞ்சேரிக் கடைகளுக்கோ போய், எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் போய் உட்காரும். சுளவும் நெல் அளக்கும் மரக்காலும் அழகில்லாதவை. அடுப்புக்குத்தான்.

இப்படிப்பட்ட பாக்குவெட்டிகளையும் விளக்குகளையும் பூட்டுகளையும் 1920களிலிருந்து ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் புணேயின் தின்கர் கேல்கர். கவிதை எழுதியவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய மகன் ராஜா சிறுவயதிலேயே இறந்துபோனான். தம் சேகரிப்புக்கு அவன் பெயரையே வைத்தார். 1960க்குள் சுமார் 15,000 பொருள்கள் சேர்ந்தன. பின்னர் மொத்தத்தையும் மகாராஷ்டிர அரசிடம் கொடுத்துவிட்டார். ‘ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகம்’ என்ற பெயரைப் பார்த்து யாரோ சமஸ்தானத்து ராஜா என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு தம்பதியும் 1884இல் 15 வயதில் இறந்த ஒரே மகன் பேரில் பல்கலைக்கழகம் கட்டினார்கள். பழம்பொருள் சேர்ப்பதில் ஆசை கொண்டிருந்த பையன் என்பதால் அருங்காட்சியகமும் கட்டினார்கள். அது 1906 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி இடிந்தது. ரயில்பாதைச் செல்வந்தரால் பல்கலைக்கழகமே கட்ட முடியும். கண்ணாடிக் கடைக்காரர் செய்ததே நாஞ்சில் நாட்டுக்குப் பக்கமானது.

ஏனென்றால் இங்கே கொடுக்க எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. பாட்டி பேரில், அப்பா பேரில், அதை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டம் தோண்டும்போது கிடைத்த பொருள் என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். நூறாண்டு கடந்த சிற்பங்களும், 75 ஆண்டு கடந்த, மதிப்புள்ள சுவடிகளும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தாத்தாவின் மரக்காலுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு.

அருங்காட்சியகத்தில் பொருள் நுழைந்ததும் பதிவேட்டில் எண் போடுவார்கள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், எதனால் செய்தது, அளவு என்ன என்று எழுதுவார்கள். கொடுப்பவர்களில் பலர் தம் தாத்தாவின் பெயர்ப்பலகையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அதில் தப்பில்லை, குணந்தாங்கிக் குரத்தியாரும் பெயரைப் பொறித்துத்தான் கொடுத்தார். ஆனால் மரக்காலோடு கூட வரவேண்டிய விவரம் வேறு. அது எந்தக் களத்தில் கிடந்தது? குத்தகைப் பாட்டம் அளந்து வாங்கியதா, அறுத்தவர்களுக்குக் கொத்து அளந்து போட்டதா? இரண்டுக்கும் அந்த வீட்டில் ஒரே மரக்கால்தானா, வேறுவேறா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர்களிடம் மட்டுமல்ல, அந்தக் களத்தில் கொத்து வாங்கியவர்களின் வீடுகளிலும் கேட்டு எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் குறிப்புக்கான கட்டம் நிறையும்.