ஒரே லயத்தில் இருவர்

ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே கள்ளுக்கடைக்குச் சென்றவர்கள் இருவர். ஒருவர் ஒரு கோப்பையோடு வீடு திரும்பினார். மற்றவரோ சம்பளம் முழுவதையும் அங்கேயே தொலைத்தார். நம் முன்னோர் வாழ்ந்த தோட்டப்புறங்கள் யாவும் கண்ட காட்சி இது. இந்த வேறுபாடு எதனால் வந்தது?

மனவுறுதி இல்லாதவன் குடிகாரன் ஆகிறான் என்பதே உலகம் நெடுங்காலம் சொல்லிவந்த விடை. பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் டிராட்டர், 1804ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், குடிப்பழக்கம் மனத்தைப் பற்றும் நோய் என்றார். 1849இல் சுவீடன் நாட்டு மருத்துவர் மாக்னஸ் ஹூஸ் அதற்கு 'ஆல்கஹாலிசம்' என்று பெயரிட்டார்.

நோயென்றால் அது யாரைப் பற்றும்? குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சில வாரங்களிலேயே பிரிக்கப்பட்டு, பிறரிடம் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த ஆண்மக்களை டென்மார்க்கில் ஆராய்ந்தார் டோனல்ட் குட்வின். 1973இல் வெளிவந்த முடிவு இது: அவர்களில் 100க்கு 18 பேர் குடிநோய்க்கு ஆளாயினர், மற்றத் தத்துப்பிள்ளைகளில் 5 பேரே ஆளாயினர். ஆகவே, பரம்பரைக்குப் பங்குண்டு. சீனர், ஜப்பானியர் பலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றமோ, சிறிது குடித்ததுமே முகத்தைச் சிவக்கவைத்துக் குமட்டலை உண்டாக்கி, அவர்களைக் குடிநோயினின்று ஓரளவு காக்கிறது.

ஆனால், எஞ்சிய 82 பேர் தப்பினார்கள் என்பதையும் நாம் எண்ண வேண்டும். விதை இருந்தாலும், முளைப்பதற்கு நிலமும் நீரும் வேண்டுமல்லவா?

மலாயாத் தோட்டங்களில் அந்த நிலம் பண்படுத்தப்பட்டே இருந்தது. குறைந்த கூலி, உடல் நோகும் உழைப்பு, பொழுதுபோக்குக்கு வழியின்மை. இவற்றோடு அரசின் அனுமதி பெற்ற கள்ளுக்கடை கூப்பிடு தூரத்தில். தொழிலாளர் இதனை உணர்ந்தே இருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளம்பியது. 1947இல் பீடோங்கில் அவ்வெதிர்ப்பு போலீசாருடன் மோதலில் முடிந்தது. மனவுறுதி அற்றவர்கள் என்று இகழப்பட்ட மக்களே கடையை மூடச் சொல்லிப் போராடினார்கள்!

நேயர்களே, தந்தையோ தாயோ குடிநோயாளியாக இருந்தால், பிள்ளைகள் முதல் கோப்பையிலேயே எச்சரிக்கையாக இருத்தல் நலம். ஏற்கெனவே வீழ்ந்தவரைத் தூற்றாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவர் வீழ்ந்த சூழலையும் மாற்ற முயல்வோம்.