வேட்டி கட்டிய மணியம்மையும் ஒரு மரக்கால் கூலியும்

சீனாவின் ஹே-யின் ஜென் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். 1907இல் டோக்கியோவில் இருந்து ‘தியான்யி’ என்ற பத்திரிகையை நடத்தியவர். அனார்க்கிஸ்ட், பெண்ணியவாதி. அப்பாவின் குடும்பப் பெயரோடு அம்மாவின் குடும்பப் பெயரையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டவர். பெண்கள் ஆலை வேலைக்குப் போனால் விடுதலை தானாக வந்துவிடும் என்று அன்றைய சீர்திருத்தக்காரர்கள் பேசினார்கள். வீட்டு எஜமானை விட்டு ஆலை எஜமானிடம் போவதற்குப் பெயர் விடுதலையா என்று அவர்களைத் திருப்பிக் கேட்டவர் இவர்.

படிக்கப் படிக்க ஒரே கேள்விதான். நம்ம பக்கம் இப்படி யார் இருந்தாங்க?

‘அனார்க்கிஸ்ட்’ என்ற பட்டத்தோடு தேடினால் பெரிதாக யாரும் கிடைக்க மாட்டார்கள். சென்னையில் பிறந்து ஐரோப்பா முழுக்க அலைந்து 1954இல் பம்பாயில் இறந்த எம்.பி.டி. ஆச்சாரியா நினைவுக்கு வருவார். ஆனால் அவர் ஆண், அவர் இயங்கியதும் பெரும்பாலும் வெளிநாட்டில். அந்தச் சொல்லுக்கே நம்மிடம் நல்ல பேர் இல்லை. அராஜகம் என்றால் ரவுடித்தனம் என்றுதான் காதில் விழும். அதிகாரம் எங்கே இருந்தாலும், அது வீட்டுக்குள்ளே இருந்தாலும் சரி வயலில் இருந்தாலும் சரி, நீ யார் என்னை ஆள்வதற்கு என்று கேட்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

அதனால் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கேள்வியை வாழ்ந்து காட்டிய பெண் யார் என்று தேடினேன். எனக்குக் கிடைத்தவர் மணலூர் மணியம்மை. கட்சியால் கம்யூனிஸ்ட். அவரைப் பிடித்து அனார்க்கிஸ்ட் ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவர் செய்த காரியங்களைத்தான் பார்க்கப் போகிறோம்.

(பெரியாரின் மணியம்மையார் வேறு, இவர் வேறு. பெயர்க் குழப்பம் பலருக்கும் வருகிறது.)

அக்ரகாரத்தில் இருந்து சேரிக்கு

பழைய கீழத்தஞ்சை, இன்றைய நாகை–திருவாரூர் பகுதி. அங்கே நிலம் வைத்திருந்த பிராமணக் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே, வயதில் ரொம்ப மூத்த ஒரு வக்கீலுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். இளம் வயதிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து அக்ரகாரத்தில் இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மொட்டை, நார்மடி, ஒரு வேளைச் சாப்பாடு, நல்ல காரியங்களில் தலை காட்டக் கூடாது.

மணியம்மை அந்த மூலையில் உட்காரவில்லை. முதலில் காங்கிரஸ், காந்தி, கதர். பிறகு செங்கொடி. இதற்கு நடுவில் ஒரு முடிவு எடுத்தார். தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். புடவையை விட்டுவிட்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டார், தோளில் துண்டு. சிலம்பமும் கற்றுக்கொண்டார். அந்த உடையோடுதான் ஊர் ஊராக, சேரி சேரியாக நடந்தார்.

அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் இந்த வேட்டியைக் கட்டாயம் சொல்கிறார்கள். பெரும்பாலும் ‘துணிச்சலான பெண்’ என்று பாராட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மட்டும் போதவில்லை. அந்த வேட்டியைப் புரிந்துகொள்ள அன்றைய தஞ்சாவூரில் யார் என்ன உடுத்தலாம் என்று பார்க்க வேண்டும்.

பண்ணையாள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. மிராசுதார் எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போக வேண்டும். சேரிப் பெண்கள் எதை உடுத்தலாம் என்பதையும் மிராசுதார் வீட்டுத் திண்ணைதான் முடிவு செய்தது. அதே திண்ணைக்கு உள்பக்கம் இருக்கும் கூடத்தில், கைம்பெண் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும், முடி எவ்வளவு இருக்கலாம் என்று தீர்மானிக்கப்பட்டது. உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம் என்று தெரிகிறதே தவிர, போடுகிற கை ஒன்றுதான்.

மணியம்மை இரண்டையும் பார்த்தவர். கூடத்துச் சட்டம் அவர் உடம்பு மேலேயே விழுந்தது. வயலுக்குப் போனபோது திண்ணைச் சட்டம் அடுத்தவர் உடம்பு மேல் விழுவதைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சேரிக்குள் நடந்து வந்தபோது இரண்டு சட்டமும் ஒரே சமயத்தில் உடைந்தன. பெண் விடுதலை ஒரு பக்கம், தொழிலாளர் பிரச்சினை இன்னொரு பக்கம் என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அவர் பிறந்த வீட்டின் அமைப்பிலேயே இரண்டும் ஒன்றாக இருந்தது.

அதே காலத்தில் பெண் விடுதலைக்கு வேறொரு பாதையும் இருந்தது. எங்கள் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் என்று அங்கே தீர்மானங்கள் போட்டார்கள். மணியம்மை அந்த வழியாக வரவில்லை. நாற்றங்காலும் களத்துமேடும்தான் அவருக்கு மாநாட்டுப் பந்தல்.

சாணிப்பால், சவுக்கடி, மரக்கால்

பண்ணையாள் முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு குடும்பம் ஒரு மிராசுதாரிடம் கட்டுப்பட்டுக் கிடக்கும். பொழுது விடிவதற்கு முன்னால் வயலில் இறங்க வேண்டும், இருட்டிய பிறகுதான் வீடு. கூலி பணமாக இல்லை, நெல்லாக. அளவு மரக்கால் கணக்கு, 12 மரக்கால் ஒரு கலம். தாமதமாக வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி. சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பதும் உண்டு. அதற்குத்தான் சாணிப்பால் என்று பேர்.

1943இல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னட நாட்டில் இருந்து வந்த பி. சீனிவாச ராவ் அங்கேயே தங்கி, சேரியிலேயே சாப்பிட்டு, சங்கத்தை ஊர் ஊராகப் பரப்பினார். 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்பது காகிதத்தில் ஏறியது. இன்றைக்குப் படித்தால், அடிக்கக் கூடாது என்பதற்கு ஒப்பந்தமா என்று தோன்றும். அந்த வரிக்காகச் சிறைக்குப் போனவர்களும் செத்தவர்களும் உண்டு. களப்பால் குப்பு 1948இல் சிறையிலேயே இறந்தார்.

மணியம்மை இந்த இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். அவரும் சிறைக்குப் போனார். மிராசுதார் சாதியில் பிறந்தவர், ஆண் உடையில், சேரி மக்களோடு வந்து நின்று அளவு சரியில்லை என்று சொல்கிறார். சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள். சேரியில் அவர் ‘அம்மா’.

ஆணுக்கு 2, பெண்ணுக்கு 1

இந்தக் குறிப்பில் என்னை உட்கார வைத்த இடம் இதுதான்.

போராட்டத்தின் பலனாக 1952இல், ராஜாஜி ஆட்சியில், தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறவர்களுக்கு அது பொருந்தும். பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது. தினக்கூலியும் சட்டத்திலேயே எழுதப்பட்டது: ஆணுக்கு 2 மரக்கால், பெண்ணுக்கு 1 மரக்கால், வயது வராதவர்களுக்கு முக்கால் மரக்கால்.

அதாவது பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி. சின்னப் பையனை விடக் கால் மரக்கால் மட்டும் அதிகம்.

இதில் ஒரு முன்னேற்றமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வளர்ந்த பெண் தொழிலாளி என்று சட்டத்தில் தனியாக ஒரு வரி வந்தது. பண்ணையாள் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட முதுகுக்கு 1, ஏர் ஓட்டிய முதுகுக்கு 2. வேட்டி கட்டிக்கொண்டு ஒரு பெண் முன்னால் நடந்த இயக்கத்தின் விளைவாக வந்த சட்டத்திலேயே இந்த நிலை. ஆண்–பெண் சமக் கூலிக்கென்று நாட்டில் தனிச் சட்டம் வர 1976 ஆனது.

இன்னொன்றும் நடந்தது. பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு? அப்போ பண்ணையாளே வேண்டாம் என்று நிறைய மிராசுதார்கள் முடிவு செய்தார்கள். கொஞ்சம் பணம் கொடுத்துக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களை அன்றாடக் கூலியாகக் கூப்பிட்டார்கள். வேலை அதே வேலை, வயலும் அதே வயல். சட்டம் பேசிய ‘பண்ணையாள்’ மட்டும் காணாமல் போனான்.

சட்டம் வந்த மறு வருஷம், 1953இல், மான் ஒன்று முட்டி மணியம்மை இறந்துபோனார். கூலிச் சண்டை அவரோடு முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அதே கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கேயும் பிரச்சினையின் மையத்தில் நெல் கூலி இருந்தது.

நம்ம காரிடாருக்கு இதில் என்ன?

ஒரகடத்தில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போய்ப் பாருங்க. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது கார், போன், கண்ணாடி எல்லாம் விளைகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் நிறைய இளம்பெண்கள். பேச்சுக் கொடுத்தால் நாகை, திருவாரூர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் எல்லாம் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். சவுக்கு இல்லை, சாணிப்பால் இல்லை. சம்பளம் கையில், வங்கிக் கணக்கு தன் பெயரில். அம்மாவுக்குப் பணம் அனுப்புகிற, கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிற தைரியம் இந்த வேலையில் இருந்துதான் பல பெண்களுக்கு வருகிறது. ஹே-யின் ஜென் இதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி போய்விடவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது சம்பளத்துக்காக இல்லை, சோற்றுக்காகவும் படுக்கிற இடத்துக்காகவும். விடுதி கேட் எத்தனை மணிக்குச் சாத்தும், யார் வந்து பார்க்கலாம், வெளியே எப்போது போகலாம் என்பதெல்லாம் கூடத்துச் சட்டம். ஷிப்ட், டார்கெட், காண்ட்ராக்டா பெர்மனென்டா என்பதெல்லாம் திண்ணைச் சட்டம். இரண்டும் ஒரே பெண்ணின் மேல்தான் விழுகிறது. பெர்மனென்ட் ஆளுக்குப் பாதுகாப்பு, ஆனால் ஆட்கள் காண்ட்ராக்ட் என்ற கணக்கும் 1952ஐப் படித்தவர்களுக்குப் புதுசாக இருக்காது.

யார் எழுதி வைப்பது?

மணியம்மை இன்றைக்கு நமக்குத் தெரிகிறார் என்றால் அதற்கு முக்கியக் காரணம் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுதியவர். அதே மாதிரி ஊர் ஊராகப் போய், மணியம்மையைத் தெரிந்த வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு, 1991இல் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதினார். மணியம்மை இறந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து. நாவலை வரலாறாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் சேரிப் பாட்டிகளின் ஞாபகத்தில் மட்டும் இருந்த ஒருவரை அது காகிதத்துக்குக் கொண்டுவந்தது.

கட்சி ஆவணங்களில் ஒப்பந்தங்கள் இருக்கும், தேதி இருக்கும், தலைவர்கள் பேர் இருக்கும். நாற்று நட்ட பெண் தன் ஒரு மரக்காலை எப்படிக் கேட்டு வாங்கினாள், அளக்கும்போது கணக்குப்பிள்ளை என்ன தில்லுமுல்லு செய்தான், அம்மா வந்து நின்றபோது அவன் முகம் எப்படிப் போனது என்பதெல்லாம் அதில் இருக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவர்களில் நாகை, திருவாரூர், மன்னார்குடி பக்கத்துக்காரர்கள் இருப்பீர்கள். வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி இருந்தால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒன்று மட்டும் கேளுங்க: உங்க காலத்துல பொம்பளைக்கு எத்தனை மரக்கால், ஆம்பளைக்கு எத்தனை மரக்கால்? போனில் ரெக்கார்டு போட்டுக்கொள்ளுங்க. மற்றதெல்லாம் அந்தக் கணக்கில் இருந்து தானாக வரும்.