பரிந்துரையும் தீர்ப்பும்: தென்னார்க்காட்டில் காஜி, ஜமாஅத், ஆலோசகர்

1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. தொடக்கத்தில் அது சென்னை மாகாணத்திற்கு மட்டுமே உரியதாக இயற்றப்பட்டது. ஏனைய மாகாணங்களுக்கு விரிவாக்கும் வழியும் அச்சட்டத்திலேயே திறந்துவிடப்பட்டிருந்தது. இன்றைய விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் ஊர்கள். 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும், இல்லறப் பிணக்குகள் இங்கு யார் முன் செல்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடுவோர் அந்தச் சிறு சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் காஜி என்பவர் நீதிபதி. திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் கோட்டையில் நிற்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அந்த ஆட்சியின் எச்சம். 1801இல் கர்நாடகப் பகுதி கம்பெனியின் கைக்குச் சென்றபின் காஜியின் நீதி அதிகாரம் படிப்படியாகக் கரைந்தது. 1864இல் காஜிகளை நியமிக்கும் பொறுப்பிலிருந்தே அரசு விலகிக்கொண்டது. எனினும் அரசு நியமித்த காஜி நிக்காஹ்வில் இருக்க வேண்டும் என்ற வழக்கம் சில பகுதிகளில் வேரூன்றியிருந்தது. அதை முன்னிட்டே 1880இன் சட்டம் வந்தது. ஆயினும் அதன் நான்காம் பிரிவு, காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இச்சட்டத்தால் கிடைக்காது என்று அறுதியிட்டுக் கூறியது. காஜியிடம் எஞ்சியது நிக்காஹ் தஃப்தர். வழக்குத் தீர்க்கும் பணி, எந்தச் சட்டமும் கொடுக்காமலேயே, மஹல்லா ஜமாஅத்தின் மடியில் விழுந்தது.

இதை இழப்பாகவே பலரும் எழுதியுள்ளனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரமற்ற சொல்லுக்கும் நம் மரபில் இடமுண்டு. பரீரா (ரலி) அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதும் தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிய விரும்பினார். முகீஸோ மதீனாவின் தெருக்களில் கண்ணீர் வழிய அவரைப் பின்தொடர்ந்தார். நபி (ஸல்) அவர்கள் முகீஸிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் எடுத்துரைத்தபோது, இது கட்டளையா என்று அவர் வினவினார். கட்டளையன்று, பரிந்துரையே என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. புகாரீயில் பதிவான இந்நிகழ்ச்சியில் அப்பெண்ணின் மறுப்பை எவரும் குற்றமாகக் கொள்ளவில்லை.

மற்றொரு வேர் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம்: பிளவு அஞ்சப்படும்போது கணவனின் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவியின் குடும்பத்திலிருந்து ஒருவர். இந்த இரு நடுவர்களின் எல்லை குறித்து மத்ஹபுகள் ஒன்றுபடவில்லை. மாலிகீகள் அவர்களுக்குப் பிரித்து வைக்கும் அதிகாரத்தையும் அளித்தனர். ஹனஃபீகளோ, தம்பதியர் ஒப்படைத்தாலன்றி அவ்வதிகாரம் இல்லை என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகள் உண்டு. நடுவர்கள் வக்கீல்களே என்பது வலுவானதாகக் கொள்ளப்படுகிறது. ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழும் தமிழகத்தில் இது ஏட்டுச் சர்ச்சையன்று. கணவன் காணாமற்போன பெண் எத்தனை காலம் காத்திருப்பது என்ற கேள்விக்கும் இத்தகைய வேறுபாடே காரணமாயிற்று. காஜி முஹம்மது அஹ்மது காஸ்மி கொண்டுவந்த மசோதா மாலிகீ கருத்தைத் தழுவி, 1939இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமாயிற்று: கணவன் நான்காண்டு மறைந்திருந்தாலோ ஈராண்டு ஜீவனாம்சம் தராவிட்டாலோ பெண் நீதிமன்றத்தை நாடலாம். முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு மட்டும் வழியில் கழன்றுவிட்டது.

மேனாட்டில் இதே காலத்தில், 1938இல், பிரிட்டனில் திருமண வழிகாட்டு மன்றம் எழுந்தது. நமக்கு அருகே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1957 முதல் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்றனர். 1984இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரச முயற்சியை நீதிபதியின் கடமையாக்கியது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தோன்றியது. இவ்வாறு ஆலோசகர் என்ற தொழில் உருப்பெற்றது. அவர் இருவரையும் தனித்தனியே கேட்கிறார், கேட்டதை வெளியிடுவதில்லை, அடி உதை இருக்கிறதா என்று முதலில் அறிகிறார். சேர்த்து வைப்பதே வெற்றி என்று அவர் கருதுவதில்லை. மண வாழ்வோடு தொடர்பற்ற துயரங்களோடும் அவரிடம் ஆண்களும் பெண்களும் வருகின்றனர்.

ஜமாஅத் அறையிலோ நிலைமை வேறு. கணவன் வளைகுடாவில், மனைவி மாமியார் வீட்டில், புகார் தந்தையின் வாயில். நிர்வாகிகள் எட்டுப்பேர் கேட்ட செய்தி இஷாவுக்குள் தெருவெங்கும் பரவிவிடும். விழுப்புரத்துப் பெண் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் விசாரணை பெரும்பாலும் திண்டிவனத்தில்தான். வசனம் கேட்ட இரண்டாம் நடுவர் 40 கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிடுகிறார். 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத் அமைத்ததற்கு இக்குறையே வித்து.

வியப்பு என்னவென்றால், அந்த வசனத்தை நினைவூட்டியது உச்ச நீதிமன்றம். 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சி முந்தாத தலாக் செல்லாது என்றது. 2017இல் முத்தலாக்கே செல்லாததாயிற்று. 2019இன் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. 2017 ஜனவரியில், பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜி தரும் தலாக் சான்று வெறும் கருத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டபோது சிலர் கொதித்தனர். நான்காம் பிரிவைப் படித்தவர்களுக்கு அதில் புதுமை ஏதுமில்லை.

நடுவர் ஆணாயிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஃபிக்ஹ் நூல்களின் நிபந்தனை. ஆலோசகர் தீர்ப்பளிப்பவர் அல்லர். எனவே அந்நிபந்தனை அவரைச் சாராது. பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, பயிற்சி பெற்ற பெண்ணொருவரை அங்கு அமர்த்த ஜமாஅத்துக்கு எந்த மத்ஹபும் தடையாக நிற்கவில்லை.