நிற்க மறுக்கும் திரை: தொலைக்காட்சியில் புகைப்படம்

1

புகைப்படங்களைத் தொலைக்காட்சியில் வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பது இன்று யாருடைய கவனத்தையும் கோராத காரியமாகிவிட்டது. நினைவஞ்சலிக் கூட்டத்தில், கல்யாண வரவேற்பில், சங்க அலுவலகத்தில் பென்டிரைவைச் செருகுகிறோம். படங்கள் வந்து போகின்றன. முகம் இருண்டுபோனால், கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்பட்டால், ‘டிவி சரியில்ல’ என்றோ ‘போட்டோ சரியில்ல’ என்றோ சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ‘அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்கிற மனோபாவம் பிம்பங்களின் அரசியலைப் பற்றி ஓயாமல் பேசுகிற நம்மிடம்தான் அதிகம்.

படத்தரம் என்ற சொல், தராசில் நிறுத்துச் சொல்லக்கூடிய ஓர் அளவு போலத் தோற்றம் தருகிறது. தொலைக்காட்சியின் வரலாற்றில் அது பல சமரசங்களின் தொகுப்பு. எந்தப் படம், அதன் எந்தப் பகுதி, எந்த முகம், எவ்வளவு நேரம் திரையில் நிற்கலாம் என்பதை ஒவ்வொரு சமரசமும் நமக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. இந்த வரலாற்றைப் படித்தால்தான் ரிமோட்டில் எதை அணைப்பது, எதை மாற்றுவது என்பதும் விளங்கும்.

2

1936 நவம்பர் 2ஆம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது இரண்டு முறைகள் மாறி மாறி ஒளிபரப்பாயின. ஒன்று பேர்டின் 240 கோட்டு முறை. மற்றது மார்க்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டு முறை. சில மாதங்களிலேயே, 1937 பிப்ரவரியில், முதலாவது கைவிடப்பட்டது. வென்ற முறையின் சூட்சுமம் கோடுகளைப் பின்னுவதில் இருந்தது. ஒரு படத்தை முழுசாக ஒரே வீச்சில் வரையாமல், ஒன்று விட்டு ஒரு கோடாக முதலில் பாதிப் படம், பிறகு இடைவெளிகளை நிரப்பும் மீதிப் படம் என்று வரைவது. விநாடிக்கு 50 முழுப்படங்களை அனுப்ப வேண்டுமானால் அலைவரிசையில் இரட்டிப்பு இடம் வேண்டும். 50 அரைப்படங்களை அனுப்பினால் 25 முழுப்படங்களின் செலவில் கண்ணை ஏமாற்றிவிடலாம். அந்த 50 என்ற எண்கூட வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணிலிருந்து வந்தது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடிய அமெரிக்காவில் 1941இல் 525 கோடுகள், 60 அரைப்படங்கள் என்று முடிவாயிற்று. 1959இல் டில்லியில் ஒளிபரப்பு தொடங்கிய இந்தியா, ஐரோப்பிய வழியில் 625 கோடுகள், 50 அரைப்படங்கள் என்ற முறையை எடுத்துக்கொண்டது.

இந்த ஏமாற்று, அசையும் காட்சிக்காக வடிவமைக்கப்பட்டது. அசைகிற பொருளின் ஓரத்தைக் கண் நுணுகிப் பார்ப்பதில்லை. அசையாத புகைப்படத்தை வைத்தவுடன்தான் குட்டு வெளிப்படுகிறது. சேலைக் கரையின் மெல்லிய கோடு, ஓட்டுக்கூரையின் வரிசை, பத்திரிகைத் துணுக்கின் எழுத்து போன்றவை ஒரே ஒரு கோட்டின் தடிமனில் அமைந்துவிட்டால் இரண்டு அரைப்படங்களில் ஒன்றில் மட்டும்தான் இடம்பெறும். விநாடிக்கு 25 தடவை அது தோன்றி மறையும். பார்ப்பவருக்கு அந்த இடம் துடித்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வைத்தியம், படத்தை மேலும் கீழுமாகச் சற்றே மங்கலாக்குவது. திரையில் ஒரு புகைப்படம் நிலையாக நிற்க வேண்டுமானால் அது தன் கூர்மையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது குழாய்த் தொலைக்காட்சி யுகத்தின் எழுதப்படாத ஒப்பந்தமாக இருந்தது.

இன்னொரு தண்டனையும் உண்டு. ஒரே பிம்பம் நீண்ட நேரம் நின்றால் குழாயின் உட்புறப் பாஸ்பரப் பூச்சு அந்த வடிவத்திலேயே தேய்ந்து தழும்பாகிவிடும். இன்றைய ஓஎல்இடி திரைகளுக்கும் இந்த வியாதி இருக்கிறது. அதனால்தான் படம் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் திரை தானாக மங்குகிறது, அல்லது வேறெதற்கோ மாறுகிறது.

3

இந்தத் திரைக்குள் புகைப்படத்தைக் குடியேற்றும் பெரிய முயற்சியைச் செய்தது கோடக் நிறுவனம். பிலிப்ஸுடன் சேர்ந்து உருவாக்கி 1990இல் அறிவித்த ‘போட்டோ சிடி’ 1992இல் சந்தைக்கு வந்தது. வழக்கமான 35 மி.மீ. படச்சுருளைக் கடையில் கொடுத்தால் கழுவி, ஸ்கேன் செய்து, சுமார் 100 படங்கள் கொள்ளும் தட்டில் பதிந்து தருவார்கள். பிளேயரைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கலாம். ஆல்பத்தின் இடத்தைத் திரை பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

ஒவ்வொரு படமும் ஐந்து அளவுகளில் தட்டில் இருந்தது. ஆகப் பெரியது 2048×3072, அதாவது சுமார் 63 லட்சம் புள்ளிகள். தொலைக்காட்சிக்கென்று வகுக்கப்பட்ட ‘அடிப்படை’ அளவோ 512×768, சுமார் 3.9 லட்சம் புள்ளிகள். வாங்கியவர் காசு கொடுத்தது பதினாறு பங்குக்கு; வரவேற்பறையில் முழுதாகப் பார்க்கக் கிடைத்தது ஒரு பங்கு. மீதிப் பதினைந்தும் கணினிக்காகவும் அச்சுக்காகவும், என்றோ வரப்போகிற நல்ல திரைக்காகவும் தட்டில் காத்திருந்தன. நல்ல திரை வந்தபோது போட்டோ சிடி வழக்கொழிந்திருந்தது. அதன் உள்ளமைப்பின் முழு விவரக்குறிப்பையும் கோடக் பொதுவில் வெளியிடவில்லை. வெளியில் இருந்த நிரலாளர்கள் தாமாகவே அவிழ்த்துப் பார்த்துதான் மாற்று மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. அதிவெளிச்சப் பகுதிகளை வழக்கத்துக்கு மேலான எண்களில் பதிந்திருந்த காரணத்தால், விவரம் புரியாத மென்பொருளில் திறந்தால் வானமும் வெள்ளைச் சட்டையும் வெறும் வெளுப்பாகிவிடும். 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. ஒரு குடும்பத்தின், ஓர் இயக்கத்தின் நினைவை ஒரு கம்பெனியின் ரகசிய எழுத்துமுறையில் அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

நம் ஊர்களில் இதே வேலையைச் செய்தது விசிடி. 1993இல் வரையறுக்கப்பட்ட அந்த முறையில் பால் நாடுகளுக்கான வீடியோ அளவு 352×288. சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். புகைப்படங்களை வீடியோவாக்கி, பாட்டுச் சேர்த்து, ஒன்று இன்னொன்றில் கரைகிற மாதிரி எஃபெக்ட் போட்டுக் கொடுத்த தட்டுகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அந்தக் கரைதலைத்தான் குறைந்த தரவில் அமுக்கும் வீடியோமுறைக்குச் சமாளிக்க வராது. திரையெங்கும் ஒரே நேரத்தில் எல்லாப் புள்ளிகளும் மாறுவதால் படம் கட்டம் கட்டமாக உடையும். மூலப் பிரிண்ட் கரையான் அரித்துப்போக, உடைந்த கட்டங்களே எஞ்சிய ஆவணம் என்றாகிவிட்ட குடும்பங்கள் உண்டு.

4

அடுத்தது விளிம்பு. இங்கே விளிம்பு என்பது உருவகம் இல்லை, நேரடிப் பொருளிலேயே சொல்கிறேன்.

குழாய்த் தொலைக்காட்சியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும், குழாய்க்கு வயதாகும்போதும் படம் சுருங்கி ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்க, படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழியவிட்டே பெட்டியைச் செய்தார்கள். ஒளிபரப்பாளர்களும் ‘பத்திரமான பகுதி’ என்று நடுவில் ஒன்றை வகுத்து, முக்கியமானதை அதற்குள் வைத்துக்கொண்டார்கள். தட்டைத் திரையில் சுருங்கவோ வழியவோ ஏதுமில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் பல தட்டைத் திரைகளில் தொழிற்சாலை அமைப்பாகவே தொடர்ந்தது.

பிறகு விகிதம். புகைப்படச் சுருள் 3:2. கைபேசிக் கேமரா பெரும்பாலும் 4:3. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த சினிமா, தொலைக்காட்சிச் சட்டங்களுக்கெல்லாம் பொதுவில் ஒரு சமரசமாக முன்வைத்த 16:9தான் இன்றைய திரை. அந்தக் கணக்கில் சினிமாக்காரர்களின் சட்டங்கள் இருந்தன. நெட்டுக்குத்தான புகைப்படத்துக்கு இடமில்லை. 2:3 அளவில் நின்றவாக்கில் எடுத்த ஒரு படம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் திரை அகலத்தில் 37.5 விழுக்காடுதான் அதற்குக் கிடைக்கும். ‘திரையை நிரப்பு’ என்று கட்டளை கொடுத்தால் 3:2 படத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், 4:3 படத்தில் சரியாகக் கால் பங்கும் மேலும் கீழும் வெட்டுப்படும்.

நம் குரூப் போட்டோக்களை நினைத்துப் பாருங்கள். நடுவில் நாற்காலியில் தலைவர்கள். ஓரத்திலும் கடைசி வரிசையிலும் நிற்பவர் யார்? அலுவலக உதவியாளர், சமையல்காரர், கொடி பிடித்து வந்தவர், கடைசி நிமிடத்தில் ‘நீயும் வந்து நில்லும்மா’ என்று கூப்பிடப்பட்டவர். தரையில் உட்காரவைக்கப்பட்ட குழந்தைகளும் பெண்களும் கீழ்விளிம்பில். கறுப்புப் பட்டை அசிங்கமாக இருக்கிறது என்று திரையை நிரப்பும்போது முதலில் வெளியேற்றப்படுபவர்கள் இவர்கள்தான். எந்திரத்துக்கு உள்நோக்கம் கிடையாது. மையத்தில் இருப்பதே முக்கியம் என்ற அதன் அனுமானமும் நம் சமூகத்தின் அனுமானமும் கச்சிதமாகப் பொருந்திப்போகின்றன, அவ்வளவுதான்.

5

தமிழில் ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் வெளுப்பு என்று பொருள். கறுப்பு, கலர் கணக்கில் வராது. வண்ணத் தொழில்நுட்பத்தின் வரலாறும் இதே இலக்கணத்தில்தான் நடந்திருக்கிறது.

1950களிலிருந்து கோடக் கழுவுநிலையங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருந்தது. ‘ஷர்லி’ என்பது அந்த அட்டைக்குத் தொழில்வட்டாரப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கரும்பழுப்பின் நுணுக்கங்களைப் பதிய வேண்டிய அவசியத்தைக் கோடக் உணர்ந்ததில் சாக்லேட் கம்பெனிகளின், மர நாற்காலி வியாபாரிகளின் புகார்களுக்குப் பங்கிருந்தது என்கிறார் அவர். கறுப்பு மனிதர்களின் முகம் செய்ய முடியாத வேலையைச் சாக்லேட் செய்தது. 1967இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய வண்ணச் சோதனை அட்டையிலும் நடுநாயகமாக இருந்தது ஒரு வெள்ளைச் சிறுமியின் முகம்தான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கவனிக்க வேண்டும். வண்ணக் குறிப்பலையில் எல்லா மனிதரின் தோலும் ஏறக்குறைய ஒரே திசையில், ஆரஞ்சுச் சாயலில்தான் விழுகிறது. வேறுபாடு சாயலில் இல்லை. வெளிச்சத்தின் அளவில் இருக்கிறது. ஆகவே கறுத்த முகத்துக்கு அநீதி நடப்பது படத்தின் இருண்ட பகுதியில். 1982இல் ஏற்கப்பட்ட டிஜிட்டல் தொலைக்காட்சித் தரத்தில் கறுப்பு 16ஆம் எண்ணிலும் வெள்ளை 235ஆம் எண்ணிலும் நிற்கின்றன. புகைப்படத்திலோ கறுப்பு 0, வெள்ளை 255. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் பேசவில்லையென்றால் 16க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகக் கட்டிப்போகும். மர நிழலில் நிற்கும் ஒரு விவசாயக் கூலியின் கண்ணும் தாடையும் இருக்கும் இடம் அதுதான். பக்கத்தில் வெயிலில் நிற்கும் அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு காணாமல் போகும். இழப்பு இருவருக்கும் உண்டு; சமமான இழப்பு இல்லை.

6

இத்தனை தடைகளையும் புகைப்படம் எப்படிச் சமாளித்தது? அசைந்துதான். 1957இல் கனடியத் தேசியத் திரைப்பட வாரியத்துக்காகக் காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’, டாசன் நகரத்துத் தங்க வேட்டைக் காலத்தின் பழைய புகைப்படங்கள் மீது கேமராவை நகர்த்திக் கதை சொன்னது. அதிலிருந்து ஊக்கம் பெற்ற கென் பர்ன்ஸ் 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடரை எடுத்தார். அசைவைப் பதிய இயலாத 1860களின் கேமராக்கள் போர்க்களத்தில் எடுக்க முடிந்தது பெரும்பாலும் அசையாதவர்களை, அதாவது செத்தவர்களை. 130 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிணங்கள் மீது கேமரா மெல்ல ஊர்ந்தது. 2003இல் ஆப்பிள் கம்பெனி பர்ன்ஸின் பெயரிலேயே இந்த நகர்வைத் தன் மென்பொருளில் ஒரு பொத்தானாக்கியது. இன்று பேரன் பிறந்தநாள் படமும் காவல் நிலையச் சாவுக்குச் சாட்சியான படமும் அதே வேகத்தில் ஊர்கின்றன.

கேமரா நகர்ந்தால் ஓவியம் கதையாகிவிடுகிறது, இசை சேர்ந்தால் அதன் பொருளே மாறிவிடுகிறது என்று ஜான் பெர்ஜர் 1972இல் பிபிசி தொலைக்காட்சியிலேயே செய்து காட்டினார். புகைப்படத்தின் முன் கண்ணை மூடிக்கொள்ளலாம், திரும்பத் திறந்தால் அதே படம் அங்கேயே இருக்கும்; சினிமாவில் அது இயலாது என்ற பொருளில் ரொலான் பார்த் 1980இல் எழுதினார். ஸ்லைடுஷோ பறிப்பது கண்ணை மூடும் அந்த உரிமையை. எங்கே பார்ப்பது, எப்போது விலகுவது என்பதைப் பார்ப்பவர் கையிலிருந்து எடுத்து மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறது. 2017இல் ஒரு கொரியக் கம்பெனி, அணைத்து வைக்கும் நேரத்தில் ஓவியம் காட்டும் தொலைக்காட்சியை விற்கத் தொடங்கியது. திரையில் படம் அசையாமல் நிற்பது அங்கே சுவர் அலங்காரமாகச் சாத்தியமாயிற்று.

7

சரி, என்ன பண்ணலாம்? நிறையப் பண்ணலாம்; காசும் ஆகாது.

படங்களைத் திரையின் அளவுக்கு நாமே முன்கூட்டித் தயாரித்துக்கொள்வது முதல் வேலை. 1920×1080 திரையில் இருப்பது 21 லட்சம் புள்ளிகளுக்குள்தான். 4கே என்றால் 83 லட்சம். ஆனால் சில 4கே பெட்டிகள் பென்டிரைவிலிருந்து வரும் படத்தைப் பாதி அகலத்தில் வரைந்து ஊதிப் பெரிதாக்குகின்றன. போட்டோ சிடியின் கதைதான் திரும்பவும். படத்தை முழுதாக வைத்துச் சுற்றிக் கறுப்புப் பட்டையை நாமே விட்டால் வெட்டும் அதிகாரம் எந்திரத்துக்கு இல்லை. பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று ஏதாவது பெயரில் இருக்கும் அமைப்பை இயக்கினால் விளிம்பு முழுதாகத் தெரியும். ‘விவிட்’, ‘டைனமிக்’ என்பவை கடைவாசலில் கண்ணைப் பறிக்கச் செய்தவை. நீலம் ஏறிக் கிடக்கும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி, செயற்கைக் கூர்மையைக் குறைக்க வேண்டும். 2019இல் திரைப்பட இயக்குநர்களின் வற்புறுத்தலோடு வந்த ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அது இதில் பெரும்பகுதியைத் தானே செய்யும். கணினியில் இணைத்தால் கறுப்பளவு இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க, கறுத்த முகம் உள்ள ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். நம்முடைய அளவுகோல் அட்டை அதுவாக இருக்கட்டும். கரைதலும் ஊர்தலும் வேண்டாம். படத்தை மாற்றுவதை யாராவது ஒருவர் கையில் கொடுங்கள். கூட்டம் பார்த்து முடித்ததும் அவர் மாற்றட்டும்.

இயக்குநர்கள் தங்கள் படைப்புக்காகச் சண்டை போட்டு ரிமோட்டில் ஒரு பொத்தானை வாங்கிவிட்டார்கள். காணாமல் போனவரின் ஒரே படத்தைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. அவர் கொண்டுவரும் அஞ்சலட்டை அளவுப் படம், மடிப்பு விழுந்த இடத்தோடும் ஸ்டூடியோ முத்திரையோடும், நாலு விளிம்பும் தெரிய, அசையாமல் கொஞ்ச நேரம் திரையில் நிற்க வேண்டும். கூட்டம் நடத்துகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் போதும்.